பேராக்கில் கடலும் கல்வியும்

மலேசியாவின் பேராக் மாநிலத்து ஈப்போ நகரத்திலிருந்து லுமுட் கடற்கரையை அடைய ஏறத்தாழ 80 கிலோமீட்டர் மேற்கே செல்ல வேண்டும். ஆகையால் கடலையும் சுற்றுச்சூழலையும் பற்றிய மேற்படிப்பின் சரித்திரத்தை அந்நகரத்திலிருந்து எழுதத் தொடங்குவது பொருத்தமற்றதாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆயினும் ஈப்போவைச் சூழ்ந்து செங்குத்தாக எழுந்து நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகள் யாவும் ஒரு காலத்தில் சமுத்திரத்தின் அடியில் படிந்து இறுகியவை. தைப்பூசத்தன்று காவடி ஏந்திச் செல்லும் பக்தர்கள் குனோங் சீரோ மலையடியிலுள்ள கல்லுமலைச் சுப்பிரமணியர் சந்நிதியை அடையும்போது, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் சிப்பியும் பவளமும் வாழ்ந்து மடிந்த ஒரு பழங்கடலின் தரையையே தம் தலைக்குமேல் ஓங்கி நிற்கக் காண்கின்றார்கள்.

அந்தப் பழங்கடலை மனிதரின் கண்ணுக்குத் திறந்து காட்டியது ஈயத் தொழில். கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயமண் கழுவியவர்கள், மேல்மண்ணை நீர்ப்பீச்சால் கரைத்துக் கரைத்து இறங்கி, இறுதியில் அடித்தளமாகிய சுண்ணாம்புப் பாறை வெளிப்பட்டவுடன், தங்கள் வேலை முடிந்ததென்று அகன்றார்கள்; அவர்கள் வேலை முடிந்த அவ்விடத்திலேதான் புவியியலாளரின் வேலை தொடங்கிற்று. கூட்டு மலாய் மாநிலங்களின் புவியியலாளராக ஜே. பி. ஸ்கிரிவெனர் 1903-ஆம் ஆண்டில் நியமனம் பெற்றுப் பத்து காஜாவில் அலுவலகம் அமைத்ததும், அதன் வழிவந்த புவியியல் துறை பிற்காலத்தில் ஈப்போவிலேயே நிலைகொண்டதும் ஈயத்தின் பொருட்டே. ஆனால் பொருளை நாடித் தொடங்கிய ஆராய்ச்சி, பொருளோடு நின்றுவிடவில்லை. 1968-இல் மலேசியப் புவியியல் கழகத்தின் முதல் ஆராய்ச்சி மலரில் டி. சுந்தரலிங்கம் என்னும் புவியியலாளர், கம்பாருக்கு மேற்கேயுள்ள நிலத்தின் பாறை அடுக்குகளை விவரித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். டெவோனியன் காலம் முதல் பெர்மியன் காலம் வரையில், அதாவது ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கும் 25 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட நெடுங்காலத்தில், அங்கே அலைவீசிய கடலின் வரலாற்றை அவர் அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்குக்கும் அது வெளிப்பட்ட ஈயச் சுரங்கத்தின் பெயரையே இட்டார். கிம் லூங், நாம் லூங், குவான் ஆன், எச். எஸ். லீ என்னும் அப்பெயர்கள், முதலாளிகளும் கூலிகளும் மறைந்து, சுரங்கங்கள் ஏரிகளாகிவிட்ட இந்நாளிலும், விஞ்ஞான இலக்கியத்தில் நிலைத்திருக்கின்றன. தொழிலாளர் தோண்டிய குழியிலிருந்து ஒரு தமிழ்ப் பெயருடையார் கடலின் சரித்திரத்தைப் படித்தறிந்தார் என்பது எனக்கு மிகுந்த மனநிறைவைத் தருவது.

வாழுங் கடலோரத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கு வித்திட்டது விறகு. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் பேராக்கின் வடமேற்குக் கரையிலுள்ள மாத்தாங் சதுப்புநிலக் காடு, ஏறத்தாழ 40,000 ஹெக்டேர் பரப்புடையது. உலகத்தில் நெடுங்காலமாக ஒழுங்குபட நிர்வகிக்கப்பட்டு வரும் அலையாத்திக் காடுகளில் முதன்மையானதென்று அத்துறை அறிஞர் பலரும் ஒப்புவது. லாருட் பிரதேசத்தில் ஈயம் பெருகித் தைப்பிங் நகரம் வளர்ந்த காலத்தில், ஈயத்தை உருக்கக் கரியும், சுரங்க நீரை இறைக்கும் நீராவி யந்திரங்களுக்கு விறகும் இடைவிடாமல் வேண்டியிருந்தன. 1885 ஜூன் முதல் நாள், தைப்பிங்குக்கும் அன்று போர்ட் வெல்ட் என்று வழங்கப்பட்ட கோலா செப்பெத்தாங்குக்கும் இடையே, ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமுள்ள மலாயாவின் முதல் இரயில் பாதை திறந்து வைக்கப்பட்டது. இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட பயனியர் படையினர் சேற்றிலும் சதுப்பிலும் நின்று அமைத்த பாதை அது. அப்பாதை ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டு சென்றது. ஆனால் வண்டியை இழுத்த யந்திரமோ, பாதையின் முடிவிலிருந்த அச்சதுப்புக் காட்டின் மரத்தையே உண்டு ஓடிற்று. மலாய்க்காரர் பாக்காவ் என்று வழங்கும் சுரபுன்னை மரம் கனமானது, நின்று எரிவது, புகை குறைந்தது. இத்தகைய மரத்தைக் கண்டவர் கண்டபடி வெட்டினால், சில ஆண்டுகளில் காடும் இராது, சுரங்கமும் ஓடாது என்ற அச்சம் அரசாங்கத்தாருக்கு உண்டாயிற்று. அந்த அச்சத்தின் பயனாக 1902 தொடங்கி அக்காடு வனத்துறையின் மேற்பார்வைக்கு வந்து, சில ஆண்டுகளுக்குள் நிரந்தரக் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது.

காப்பதென்றால் என்ன? வேலி கட்டி விலக்குவதா, அல்லது அளந்து, எண்ணி, எடுத்ததற்கு ஈடு நட்டு வருவதா? மாத்தாங்கின் வனத்துறையினர் இரண்டாவது வழியையே மேற்கொண்டனர். குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை, காட்டின் ஒவ்வொரு பகுதியின் நிலைமையையும் ஆராய்ந்து, அடுத்துச் செய்ய வேண்டுவதை வரையறுக்கும் வேலைத்திட்டம் என்னும் நூல் எழுதப்படும் வழக்கம் அங்கே ஏற்பட்டது. டி. எஸ். பி. நோக்ஸ் 1952-இல் வெளியிட்ட வேலைத்திட்டம் அவற்றுள் புகழ்பெற்றது. அக்காலத்திலிருந்து நிலைபெற்ற முறைப்படி, நட்ட மரம் 30 ஆண்டுகளுக்குப் பின்னரே முற்றாக வெட்டப்படும். இடையே 15-ஆம் ஆண்டில் நான்கடிக் கோலையும், 20-ஆம் ஆண்டில் ஆறடிக் கோலையும் கையிற் கொண்டு, நிறுத்த வேண்டிய மரத்தைச் சுற்றி அந்த அளவுக்குள் நிற்கும் மற்றவற்றை நீக்குவார்கள். நீக்கப்பட்டவை கட்டடங்களுக்கு அடிக்கம்பமாகவும் மீனவரின் வலைக்கம்பமாகவும் பயன்படும். வெட்டிய இடத்தில் தாமாகக் கன்று முளைக்காவிடின், தாய்மரத்திலேயே முளைவிட்டுத் தொங்கும் நெடிய விதைகளைக் கொண்டுவந்து சேற்றில் ஊன்றுவார்கள். பியாய் என்னும் பெரும் பெரணிச்செடி, சூரியன் பட்ட இடமெல்லாம் அடர்ந்து, இளங்கன்றுகளை எழவொட்டாமல் செய்யும். அதனை அகற்றுவது தனிப் பாடு.

இவ்வளவு ஒழுங்கும் அறிவில்லாமல் நடந்ததன்று. ஜே. ஜி. வாட்சன் என்னும் வன அதிகாரி 1928-இல் மலாய்த் தீபகற்பத்தின் சதுப்புநிலக் காடுகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். எல்லா ஏற்றங்களிலும் மூழ்கும் நிலம் முதல், என்றோ ஒருநாள் வரும் பேரேற்றத்தில் மட்டுமே நனையும் நிலம் வரையில், கடல்நீர் ஏறும் அளவைக் கொண்டு சதுப்பு நிலத்தை அவர் ஐந்து வகையாகப் பிரித்து, எந்த வகையில் எந்த மரம் வாழும் என்று காட்டினார். நூறு ஆண்டுகளை நெருங்கும் இந்நூலை, சதுப்புநிலத்தைப் பற்றி ஆய்வேடு எழுதப் புகும் மாணவர் இன்றும் புறக்கணிக்க முடியாது. இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. மாத்தாங் காட்டின் முதிர்ந்த பகுதியொன்றில், வெறும் 0.16 ஹெக்டேர் அளவுள்ள ஒரு சிறு நிலத்துண்டு குறிக்கப்பட்டு, அதில் நின்ற மரங்களின் வளர்ச்சியும் சாவும் 1920 முதல் 1981 வரையில் பெரும்பாலான ஆண்டுகளில் அளக்கப்பட்டு வந்தன. அளக்கத் தொடங்கியவர்கள் ஓய்வு பெற்றுத் தம் நாடு திரும்பினார்கள். இடையில் ஜப்பானியப் படையெடுப்பும் யுத்தமும் வந்தன. பின் அவசரகாலம் வந்தது. நாடு சுதந்திரம் அடைந்தது. அளவுக் குறிப்போ தொடர்ந்து கைமாறி வந்தது. இறுதியில் பிரான்சிஸ் புட்ஸ், எச். டி. சான் என்னும் இருவர் அக்குறிப்புகளை ஒன்றுதிரட்டி 1986-இல் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டனர். ஒரு தலைமுறை தொடங்கியதை இன்னொரு தலைமுறை முடித்து வைக்கும் இப்பொறுமையே இயற்கை விஞ்ஞானத்தின் உயிர் என்று நான் கருதுகிறேன். மூன்றாண்டில் முடிக்க வேண்டிய ஒரு முனைவர் பட்டத்தின் மதிப்பும், அது இத்தகைய நீண்ட தொடரில் ஒரு கண்ணியாகும்போதுதான் முழுமையடைகிறது.

விறகின் காலம் கழிந்தது. இரயில் யந்திரங்கள் டீசலுக்கு மாறின. ஈயமும் வேறிடத்தில் வேறு முறையில் உருக்கப்பட்டது. ஆனால் 1930-ஐ ஒட்டிச் சயாம் நாட்டு முறையில் செங்கல்லும் களிமண்ணும் கொண்டு எழுப்பப்பட்ட குவிமாடக் கரிச்சூளைகள் காட்டுக்குப் புதிய பிரயோசனத்தை அளித்தன. ஒரு சூளையில் ஏறத்தாழ 40 டன் பச்சைக் கட்டைகள் பட்டை உரித்து நிறுத்தி அடுக்கப்படும். ஒரு மாத காலம் முதலில் பெருந்தீயும் பின் சிறுதீயும் இட்டு, வாயை அடைத்து ஆறவிட்டால், பத்து டன்னளவு கரி கிடைக்கும். தீயின் நிலையை அறியச் சூளைக்காரர் கருவி எதையும் நாடுவதில்லை. துளைவழி வெளிவரும் ஆவியின் மணத்தையும் வெம்மையையும் கொண்டே, உள்ளே மரம் கரியாயிற்றா என்று உணர்வார்கள். பெரும்பாலும் சீனக் குடும்பங்களிடம் பரம்பரையாக இருந்து வரும் இத்தொழிலின் அநுபவ ஞானத்தைக் குறித்து வைப்பதும் சுற்றுச்சூழல் ஆராய்ச்சியின் ஒரு பகுதியே.

இந்த வரலாற்றில் தமிழர் எங்கே இருந்தனர் என்று வாசகர் கேட்கக் கூடும். மாத்தாங்கின் மரம்வெட்டிகளாகவோ கரிச்சூளைக்காரர்களாகவோ அவர்கள் பெருந்தொகையாய் இருந்ததில்லை. ஆனால் அக்காட்டுக்கு வடக்கே கிரியான் மாவட்டத்தில், கோலா குராவ், கூலா முதலிய இடங்களில் கரையோரச் சதுப்பைத் திருத்தி எழுந்த கரும்புத் தோட்டங்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒப்பந்தக் கூலிகளாக வந்து, கால்வாய் தோண்டி, வரப்பெடுத்து உழைத்தவர்களுள் தமிழர் மிகப் பலர். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் நிறுத்தப்பட்டது. கரும்பும் அதையொட்டி மறைந்து, நிலம் ரப்பருக்கும் தென்னைக்கும் நெல்லுக்கும் மாறிற்று. இன்று கோலா கூலா என்றால், வடதிசையிலிருந்து வலசை வரும் நீர்ப்பறவைகளை எண்ணி ஆராயச் செல்லும் இடம் என்பதே மாணவர்க்குத் தெரியும்; அதன் அருகே கரும்பு வெட்டியவர்களின் நினைவு எங்கும் பொறிக்கப்படவில்லை.

ரப்பரின் கதை இதைவிடப் பெரியது. பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த சர் ஹியூ லோ 1877-இல் கோலா கங்சாரில் நட்ட சில கன்றுகளிலிருந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுங்கை சிப்புட், பீடோர், தாப்பா, பாகான் செராய், தெலுக் ஆன்சன் என எத்திசையிலும் பால்மரத் தோட்டங்கள் பரவின. அத்தோட்டங்களைத் திறப்பதற்காகக் காடழித்த தமிழ்த் தொழிலாளர்கள், சுற்றுச்சூழல் என்னும் சொல் வழக்கில் இல்லாத காலத்தில், அதன் விதிகளைத் தம் உயிரைக் கொடுத்து அறிந்தார்கள். கடற்கரையை அடுத்த தாழ்நிலத்தில் காட்டை வெட்டி வடிகால் எடுத்தால் மலேரியாக் காய்ச்சல் குறைந்தது. அதே மருந்தை மலைச்சரிவில் பிரயோகித்தபோது காய்ச்சல் பன்மடங்கு பெருகிற்று. மலைப்பிரதேசத்தில் அந்நோயைப் பரப்பும் கொசு, இருண்ட குட்டையில் அன்றி, வெயில் படும் தெளிந்த ஓடையிலேயே முட்டையிடுவது என்பதைப் பிற்பாடுதான் டாக்டர் மால்கம் வாட்சன் முதலியோர் கண்டறிந்து விளக்கினர். ஆயிரக்கணக்கான தொழிலாளர் அதற்குள் மாண்டுபோயினர். மரத்துக்கடியில் ஒரு புல்லும் நில்லாதபடி செதுக்கி வைக்கும் அக்காலத்து வழக்கமும் அவ்வாறே தீங்காய் முடிந்தது. மழை மேல்மண்ணை வாரிச் சென்றது. ஈயச் சுரங்கத்து மணலோடு தோட்டத்து மண்ணும் சேர்ந்து கிந்தா ஆற்றையும் பேராக் ஆற்றையும் மேடாக்கிற்று. மண்ணை மூடிக் காக்கும் கொடிகளை நடும் முறை ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் போன்றவற்றின் முயற்சியால் பின்னர் பரவியது. மலைச்சரிவில் செய்தது கழிமுகத்தில் தெரியும் என்ற உண்மையை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் காட்ட முடியாது.

தோட்டத்தில் பிறந்தவர்கள் இன்னுமொன்றை நன்கு அறிவார்கள்: பால் ஆலையிலிருந்து ஓடைக்கு இறங்கும் கழிவுநீரின் நாற்றம். பாலை அமிலமிட்டு உறைய வைத்தபின் எஞ்சும் நீரில் புரதமும் சர்க்கரையும் மிகுந்திருக்கும், அவற்றை நுண்ணுயிர்கள் தின்று பெருகும்போது நீரிலுள்ள பிராணவாயு முழுவதையும் இழுத்துக்கொள்ளும், மீன் மிதக்கும். தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளோ பெரும்பாலும் அந்த ஓடையை அடுத்தே இருந்தன. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது இத்துன்பம் பெருகிற்றேயன்றிக் குறையவில்லை. செம்பனை ஆலைக் கழிவின் பிராணவாயுத் தேவை லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம் என்று கணக்கிடப்படுகிறது. 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இயற்றப்பட்டு, மறுவருடம் அதற்கெனத் தனி இலாகா ஏற்பட்டவுடன், அவ்விலாகா முதன்முதலாகக் கைவைத்தது இவ்விரு தொழில்களின் மீதே. 1977-இல் செம்பனை ஆலைகளுக்கும் 1978-இல் ரப்பர் ஆலைகளுக்கும் விதிகள் வந்தன. செம்பனை ஆலைகள் ஆற்றில் விடும் நீருக்கு அனுமதிக்கப்பட்ட பிராணவாயுத் தேவை 1978-இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்று தொடங்கி, ஆண்டுதோறும் இறுக்கப்பட்டு, 1984-இல் 100 ஆயிற்று. கட்டளையிட்டதனால் மட்டும் இது கைகூடவில்லை. கழிவைத் தொடர் குளங்களில் தேக்கி நுண்ணுயிர்களைக் கொண்டே சுத்திகரிக்கும் முறையை ஆராய்ச்சிக் கழகங்களிலும் சர்வகலாசாலைகளிலும் இளைஞர்கள் சோதித்துச் சோதித்துச் செம்மைப்படுத்தினார்கள். மலேசியாவில் சுற்றுச்சூழல் விஞ்ஞானம் ஒரு மேற்படிப்பாக வேரூன்றியதற்குத் தோட்டத்து ஓடைகளும் ஒரு காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

சர்வகலாசாலைகளின் வரலாற்றை இங்கே சுருக்கமாகவே சொல்லலாம். 1949-இல் சிங்கப்பூரில் தோன்றிய மலாயாப் பல்கலைக்கழகம் பத்தாண்டுகளில் கோலாலம்பூரிலும் கிளைத்து, 1962-இல் அங்கே தனியாக நிலைபெற்றது. 1969-இல் பினாங்கில் இன்றைய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் தொடங்கிற்று. தீவின் வடமேற்கு மூலையான முக்கா ஹெட்டில் அதற்குக் கடலாராய்ச்சி நிலையம் உண்டு. 1971-இல் பிறந்த விவசாயப் பல்கலைக்கழகம் திரங்கானுவில் வளர்த்த மீன்வள, கடல் விஞ்ஞானக் கல்வியே, 2007-இல் மலேசியத் திரங்கானு பல்கலைக்கழகம் என்ற பெயரோடு தனித்து நின்றது.

இக்கல்விக்கூடங்களின் தொடக்க காலத்தில் நாட்டில் நடந்த ஆராய்ச்சிகளில், கரையோர வாழ்வையே பொருளாகக் கொண்டவை பல. 1948-ஐ ஒட்டிப் பேராக்கின் பாகான் பஞ்சோரில் கெராங் என்னும் செஞ்சிப்பியைச் சேற்றுத் தரையில் விதைத்து வளர்க்கும் தொழில் தொடங்கிற்று. பத்தாண்டுகளுக்குள், டி. பத்தன்சாலி என்னும் மீன்வள ஆராய்ச்சியாளர் ஒரு சீன நண்பரோடு சேர்ந்து அத்தொழிலைப் பற்றி எழுதிய கட்டுரை 1958-இல் இந்தோ-பசிபிக் மீன்வள மன்றத்தில் வெளியாயிற்று. இன்றளவும் கெராங்கைப் பற்றி எழுதுவோர் அதனை மேற்கோள் காட்டாமல் தொடங்குவது அரிது. மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஏ. சசிகுமார், கிள்ளான் கரையின் சதுப்பு நிலத்தில் நண்டும் நத்தையும் எந்தெந்த மட்டத்தில் வாழ்கின்றன என்று ஆராய்ந்து 1974-இல் பிரிட்டனின் சிறந்த விலங்கியல் ஏடொன்றில் எழுதினார். பினாங்கில் பி. எம். சிவலிங்கம் 1977-இல் பச்சைச் சிப்பி வளர்ப்பைப் பற்றி எழுதினார். அதே பினாங்கின் ஓங் ஜின் எங் தம் துணைவர்களோடு மாத்தாங்கில் 20 வயதுடைய சுரபுன்னைத் தோப்பொன்றை வேரும் விழுதும் உட்பட நிறுத்து, அக்காடு காற்றிலிருந்து எவ்வளவு கரியை வாங்கி மரமாகவும் சேறாகவும் சேமிக்கிறதென்று கணித்தார். விறகுக்காகக் காக்கப்பட்ட காடு, பூமியின் வெப்பம் பெருகும் இக்காலத்தில் கரியைக் காக்கும் காடாக மதிக்கப்படுவது இந்த ஆராய்ச்சிகளின் விளைவு.

தமிழகத்துக் கரையிலும் இதற்கு இணையான ஒரு மரபு உண்டு. சிதம்பரத்தின் தலவிருட்சமாகிய தில்லை மரமே மாத்தாங் காட்டிலும் சேற்றோரத்தில் நிற்கிறது. சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்துக் காட்டருகே, பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையத்தைப் பேராசிரியர் ஆர். வி. சேஷையா நிறுவி வளர்த்தார்; அம்மையத்தின் கதிரேசன் சதுப்புநிலக் காடுகளைப் பற்றி எழுதியவை உலகெங்கும் பயிலப்படுகின்றன. பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் தொழிலாளர்களே நிலம் வாங்கும்பொருட்டு 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கிய துன் வீ. தி. சம்பந்தன், அந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவரே. அவர் பயின்றது கடல் விஞ்ஞானம் அன்று; ஆயினும் பேராக்குக்கும் கொள்ளிடக் கரைக்கும் இடையே கல்வியின் பாதை ஒன்று முன்னமே இருந்ததென்பதற்கு அவர் வாழ்க்கை சான்று. அப்பாதையில் இன்று செல்வோர் மிகச் சிலரே என்பது வருந்தத்தக்கது.

சிலராக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற பிள்ளை, இடைநிலைப் பள்ளியில் நேரே முதற்படிவத்துக்குச் செல்லாமல், மலாய்மொழிப் பயிற்சிக்காகப் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழிக்க நேர்ந்தது. பின் ஐந்தாம் படிவம், ஆறாம் படிவம் அல்லது மெட்ரிகுலேஷன், அதன்பின் இளங்கலை என ஏறுவதற்குள், தோட்டமே விற்கப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, குடும்பம் ஈப்போவின் புறநகரிலோ பட்டர்வொர்த்திலோ வாடகை வீடு தேடிப் போயிருக்கும். இத்தகைய வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெறும் பிள்ளையைப் பெற்றோர் மருத்துவத்துக்கோ சட்டத்துக்கோ அனுப்ப விரும்புவதை யார் குறைகூற முடியும்? ஆனால் ஆராய்ச்சிப் பட்டத்தின் பொருளாதாரம் மருத்துவப் படிப்பினின்று வேறுபட்டது என்பதை நம் பெற்றோர்க்கு எடுத்துச் சொல்வார் இல்லை. ஆராய்ச்சி வழியான முதுகலையிலும் முனைவர் படிப்பிலும், பேராசிரியர் பெற்ற மானியத்திலிருந்து ஆய்வு உதவியாளர்க்கு மாதந்தோறும் உதவித்தொகை கிடைப்பதுண்டு; அரசாங்கத்தின் மைபிரெயின் 15 திட்டம் நடந்த காலத்தில் பலருக்குக் கட்டணமும் கிடைத்தது. 1988 முதல் குறிப்பிட்ட வகைப் பெருந்திட்டங்களைச் சுற்றுச்சூழல் விளைவை மதிப்பிட்ட பின்னரே தொடங்கலாம் என்ற விதி நடைமுறைக்கு வந்ததால், இத்துறை படித்தோர்க்கு உத்தியோகமும் இல்லாமற் போகவில்லை.

இவ்வறிவு எவ்வளவு அவசியம் என்பதை ஈப்போ உயர்நீதிமன்றத்தில் நடந்த வழக்கொன்று நாட்டுக்கு உணர்த்திற்று. ஈயமணலைப் பிரித்தபின் எஞ்சும் அமாங் என்னும் கழிவில் மோனசைட் உண்டு. அதில் அரியமண் உலோகங்களோடு கதிரியக்கமுள்ள தோரியமும் கலந்திருக்கும். ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் ஏஷியன் ரேர் எர்த் என்னும் ஆலை 1982-இல் மோனசைட்டைப் பிரிக்கத் தொடங்கியது. 1985-இல் கிராமத்தார் வழக்குத் தொடுத்தனர். பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் ஆதரவோடு அவர்கள் சார்பில் வாதாடியவர்களுள் மீனாட்சி ராமன் ஒருவர். கதிரியக்கம் மண்ணில் எவ்வளவு, காற்றில் எவ்வளவு, குழந்தையின் இரத்தத்தில் காரீயம் எவ்வளவு என்று நிபுணர்கள் மாறிமாறிச் சாட்சி சொல்ல, விவசாயிகளும் சிறு வியாபாரிகளும் நீதிமன்றத்தில் வந்திருந்து கேட்டனர். 1992 ஜூலையில் ஆலையை நிறுத்துமாறு உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது; 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது; எனினும் 1994 தொடக்கத்தில் நிறுவனமே ஆலையை மூடுவதாக அறிவித்தது. அளவீடு என்பது வெறும் எண் அன்று, அதனை யார் செய்தார், யாருக்காகச் செய்தார், எவ்வளவு காலம் செய்தார் என்பவற்றைப் பொறுத்தே அதற்கு மதிப்பு என்பதை அவ்வழக்குப் போதித்தது. அந்த ஊருக்குச் சொந்தமான விஞ்ஞானிகள் அன்று போதிய அளவில் இருந்திருப்பின், கிராமத்தாரின் வேதனை இவ்வளவு நீண்டிராது என்றே நான் நம்புகிறேன்.

இப்பொழுது இக்கல்வியின் வாசல்கள் முன்னைவிட அருகே வந்துவிட்டன. சுந்தரலிங்கம் பாறை அடுக்குகளுக்குப் பெயரிட்ட அதே கம்பாரில், கைவிடப்பட்ட ஈயச் சுரங்க ஏரிகளைச் சூழ, துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் வளாகம் 2007 முதல் இயங்குகிறது; அங்கே சுற்றுச்சூழல் பொறியியல் கற்பிக்கப்படுகிறது. ஸ்ரீ இஸ்கந்தரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பிரஸ்ஸல்ஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தார் பிற நாட்டினரோடு சேர்ந்து நடத்திய டிரோபிமுண்டோ என்னும் வெப்பமண்டல உயிரியல் முதுகலைப் படிப்பில் மலேசியத் திரங்கானு பல்கலைக்கழகமும் பங்குகொண்டது. நூறாண்டுக்கு மேல் வெட்டி நட்டு வந்தபின் மாத்தாங் காடு உண்மையிலேயே தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறதா என்ற கேள்வியை, பிரஸ்ஸல்ஸ், திரங்கானு ஆகிய இரு இடத்து ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து மரம் மரமாக அளந்து ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டனர். ஐரோப்பாவிலிருந்து மாணவர்கள் விமானமேறி வந்து சேற்றில் இறங்கி அளக்கும் அக்காடு, பாகான் செராயிலோ தைப்பிங்கிலோ வாழும் தமிழ் இளைஞனுக்கும் யுவதிக்கும் அரைமணிப் பயணத்தில் இருக்கிறது.

ஆராய வேண்டியவையும் தீர்ந்துவிடவில்லை. பத்தன்சாலி எழுதிய அந்தக் கெராங்கையே எடுத்துக்கொள்ளலாம். 2010-க்குப் பின் சில ஆண்டுகளுக்குள்ளேயே நாட்டின் கெராங் விளைச்சல் பாதிக்கும் கீழே இறங்கிற்று. விதைச்சிப்பி கிடைக்கவில்லை என்பர் சிலர். ஆற்றுநீர் கெட்டது என்பர் சிலர். ஒட்டுண்ணி நோய் என்பர் சிலர். மிதமிஞ்சி வாரியதே காரணம் என்பாரும் உளர். இவற்றுள் எது எவ்வளவு என்று பிரித்தறிய, சங்கா கழிமுகத்திலும் செப்பெத்தாங் கழிமுகத்திலும் ஏற்றம் வற்றம் பார்த்துப் படகேறி, மழைக்காலமும் வெயிற்காலமும் தவறாமல் நீரையும் சேற்றையும் எடுத்து, மலைச்சரிவில் எந்தத் தோட்டத்தில் என்ன உரமும் மருந்தும் இடப்படுகின்றன என்பதையும் விசாரித்து அறிந்துவரும் மாணவர்கள் தேவைப்படுகின்றார்கள். ஆற்றின் மேற்பகுதியைத் தம் பாட்டன் பாட்டியின் வாய்மொழியால் ஏற்கெனவே அறிந்தவர்கள் அவ்வேலைக்கு முன்வந்தால், பத்தன்சாலி காலத்துக் கரையோடு இன்றைய கரையை ஒப்பிட்டுப் பார்க்கும் முதல் நீண்ட கணக்கு அவர்கள் கையாலேயே எழுதப்படலாம்.